ஆளுக்குப் பக்கம் இருக்கு, தேடினா வரல்ல: விக்கித்தரவுல திறமையப் பதியேக்க வாற பிழைகளும் திருத்துற வழியும்

திருகோணமலை உப்புவெளியில ஒரு வீட்டு விறாந்தையில லாப்டொப்ப வச்சுக்கொண்டு இருந்தம். வீட்டுக்கார ஐயா ரிட்டயர் ஆன ஆள், ஊர்க்கதை முழுக்க அவருக்குத் தெரியும். "தம்பி, எங்கட பக்கத்துல கூத்து ஆடினவங்க ஆரார் எண்டு கேட்டா இது சொல்லுமோ" எண்டு கேட்டார். நானும் விக்கித்தரவுட கேள்விப் பக்கத்துல வகை மனிதர், தொழில் மேடை நடிகர், பிறந்த இடம் திருகோணமலை எண்டு எழுதி ஓட்டினன், ரெண்டு செக்கன்ல பதில் வந்துது, ஒரு வரிகூட இல்லாத வெறும் அட்டவணை. ஐயா ஒண்டும் சொல்லல்ல, உள்ள போய் ஒரு கொப்பியக் கொண்டுவந்து விரிச்சார், ஊதாப் பேனையால பதினாலு பேர், ஒவ்வொரு பேருக்கும் நேர என்ன கூத்து, என்ன பாத்திரம், எந்த வருசம் எண்டு எழுதிக் கிடக்கு. ஒவ்வொரு பேராத் தேடிப் பாத்தா அதுல நாலு பேருக்கு விக்கித்தரவுல ஏற்கனவே பக்கம் இருக்கு. ஆனா கேள்விக்கு ஒருத்தரும் வரல்ல, நாலு பேரும் வராததுக்கு நாலு வேற வேற காரணம்.

அண்டைக்குக் கண்ட பிழையளையும் அதுக்குப் பிறகு கண்டதுகளையும் சேத்துத்தான் இத எழுதுறன். உங்கட ஊர் ஆக்கள்ட திறமையப் பதிஞ்சிட்டுத் தேடல்ல காணாம நிக்கிறீங்க எண்டா கீழ எந்த அறிகுறி பொருந்துது எண்டு பாருங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சொல்லு: விக்கித்தரவு 2012 ஒக்டோபர்ல தொடங்கின திறந்த தரவுத்தளம், ஆரும் திருத்தலாம், அதுல இருக்கிற தரவு சிசி0 எண்டுற உரிமத்துல, ஆரும் எதுக்கும் எடுத்துப் பாவிக்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் பொருளுக்கும் ஒரு பக்கம், அதத்தான் ஐட்டம் எண்டுறது, அதுக்கு ஒரு கியூ நம்பர், ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பி நம்பர். "இவருக்கு இன்ன இன்ன தெரியும்" எண்டு எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள கொட்டுற பழக்கம் அங்க இல்ல. என்ன தொழில், என்ன துறை, என்ன பாஷை, என்ன வாத்தியம், எங்க, எப்ப எண்டு பிரிச்சுப் பிரிச்சுத்தான் போடவேணும். முக்கால்வாசிப் பிழையும் இந்தப் பிரிக்கிற இடத்துலதான் வருது.

அறிகுறி: பக்கம் இருக்கு, ஆனா ஆக்களைத் தேடேக்க அந்த ஆள் மட்டும் வரல்ல

பக்கத்துட மேல பி31 எண்டுற பண்பப் பாருங்க, இது எந்த வகை எண்டு சொல்லுற இடம். ஆள் எண்டா அங்க கியூ5, அதாவது மனிதர், அது மட்டும்தான் இருக்கவேணும். ஐயாட கொப்பியில முதல் பேருக்கு அங்க "கலைஞர்" எண்டு போட்டுக் கிடந்துது. போட்டவர் நல்ல மனசோடதான் போட்டிருப்பார், ஆனா கணினிக்கு அவர் மனிசனே இல்ல எண்டு ஆயிடுது, மனிதர் எண்டு வடிகட்டுற எந்தக் கேள்வியிலயும் வரமாட்டார். பி31ஐ கியூ5 ஆக்கிட்டு, கலைஞரத் தூக்கி பி106 தொழிலுக்குள்ள போடுங்க. அவ்வளவுதான், ரெண்டு நிமிச வேலை.

அறிகுறி: தொழிலுக்குப் பக்கத்துல ஆச்சரியக்குறி நிக்குது

முதல்ல ஒண்டு, லொகின் பண்ணாட்டி அந்தக் குறி உங்களுக்குத் தெரியவே தெரியாது. லொகின் பண்ணிட்டுப் பாருங்க.

அனேகமா நடக்கிறது என்னெண்டா, தொழில் போடவேண்டிய இடத்துல துறையப் போட்டிருப்பாங்க. ரெண்டாவது பேருக்கு பி106ல "நாடகம்" எண்டு கிடந்துது. நாடகம் ஒரு கலை, தொழில் இல்ல, தொழில் எண்டா நடிகர், நெறியாளர் மாதிரி ஆளைக் குறிக்கிற சொல்லு வரவேணும். துறையப் போடுறதுக்கு பி101 எண்டு வேற பண்பு இருக்கு. ஊடகவியலாளர் பி106ல, ஊடகவியல் பி101ல. ஒரு ஆள் எதுல கெட்டிக்காரர் எண்டு நுணுக்கமாச் சொல்ல உதவுறது இந்த பி101தான், ஆனா கனபேர் அதத் தொடுறதே இல்ல. வரலாற்றாசிரியர் எண்டு மட்டும் விட்டா ஆள் ஆயிரத்துல ஒருத்தர், பி101ல கல்வெட்டியல் எண்டு சேத்துட்டா ஆரைத் தேடிப் போகவேணும் எண்டு உடன தெரியும்.

தமிழ்ல பதியிற எங்களுக்கு இதுல வேற சில பொறியளும் இருக்கு, இத வடிவா வாசியுங்க, ஏனெண்டா இங்க ஆச்சரியக்குறிகூட வராது, பிழை சத்தமில்லாம இருக்கும்.

"ஆசிரியர்" எண்டு ரைப் பண்ணினா பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிற ஆசிரியரும் வரும், நூலாசிரியரும் வரலாம், பத்திரிகை ஆசிரியரும் வரலாம். நினைவு மலர்ல "ஆசிரியர்" எண்டு கிடக்கெண்டு முதலாவதா வந்ததக் கிளிக் பண்ணினா கவிஞர் ஒருத்தர் ரீச்சரா மாறிடுவார். கீழ வாற சின்ன விளக்கத்த வாசிச்சிட்டுத்தான் தெரிவு செய்யவேணும். "வைத்தியர்" அதவிட மோசம், எங்கட ஊர்ல எம்பிபிஎஸ் முடிச்சவரும் வைத்தியர், சித்த ஆயுர்வேதக்காரரும் வைத்தியர், மூங்கில் பத்தை வச்சுத் துணி சுத்தி எண்ணெய் விடுற முறிவு வைத்தியரும் வைத்தியர். எல்லாரையும் ஒரே மருத்துவர் ஐட்டத்துல கொண்டுபோய்க் கட்டினா முறிவு வைத்தியம் தெரிஞ்ச ஆளை ஒரு நாளும் தனியாத் தேடி எடுக்க ஏலாது.

"பண்டிதர்" தொழில் இல்ல. எங்கட நாட்டுல அது சோதனை பாஸ் பண்ணி எடுக்கிற தகுதி, ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் எண்டு படிப்படியா நடத்தின சோதனை அது. அதத் தகுதிப் பக்கம், பி512க்குக் கொண்டுபோங்க, தொழில் எண்டு போடாதீங்க. "கலாபூஷணம்" அரசாங்கம் குடுக்கிற விருது, பி166ல போட்டு வருசத்த பி585ஆக் கீழ சேருங்க. கலாபூஷணம், சமாதான நீதவான் எல்லாத்தையும் பேருக்கு முன்னால ஒட்டித் தலைப்பிலேயே எழுதுற பழக்கம் எங்களுக்கு இருக்கு, மரியாதைக்குத்தான் செய்யிறம், ஆனா தலைப்பு லேபல்ல பேர் மட்டும் இருக்கட்டும். மரியாதைய விருதா, பதவியா, ஆதாரத்தோட உள்ள போட்டா அது இன்னும் கனகாலம் நிக்கும்.

அறிகுறி: நேத்து வரைக்கும் வந்த ஆள், ஆரோ ஒரு திருத்தம் செய்ததோட காணாமப் போயிட்டார்

மூண்டாவது பேர் இதுதான், இதக் கண்டுபிடிக்கத்தான் எனக்குக் கூட நேரம் போனது, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

அவர்ட பக்கத்துல பி106ல மூண்டு தொழில் சரியாத்தான் கிடந்துது, ஆசிரியர், மேடை நடிகர், பாடகர். பி31 சரி, பிறந்த இடம் சரி, ஆச்சரியக்குறி ஒண்டும் இல்ல. பிறகு பாத்தா ஒவ்வொரு ஸ்டேட்மென்டுக்கும், அதாவது பக்கத்துல போட்ட ஒவ்வொரு தகவலுக்கும், இடப்பக்கம் மூண்டு சின்ன அம்புக்குறி மாதிரி ஒரு அடையாளம் இருக்குமே, ஆசிரியருக்கு மட்டும் அதுல மேல் அம்பு கறுத்துக் கிடக்கு. அது தரவரிசை. மூண்டு வகை இருக்கு, முன்னுரிமை, சாதாரணம், கைவிடப்பட்டது. ஆரோ ஒருத்தர் "இவர்ட முதன்மைத் தொழில் ஆசிரியர்தானே" எண்டு நினைச்சு அத முன்னுரிமை ஆக்கியிருக்கார். நாங்க சாதாரணமா எழுதுற கேள்வி, டபிள்யூடிடி முன்னொட்டுப் போட்டு எழுதுறது, ஒரு பண்புக்குள்ள ஆகக் கூடின தரவரிசையில இருக்கிறத மட்டும்தான் எடுக்கும். ஒண்டு முன்னுரிமை ஆன உடன மற்ற ரெண்டும் அந்தக் கேள்விக்கு இல்லாததா ஆயிடுது. பக்கத்துல கண்ணால பாத்தா இருக்கு, தேடினா இல்ல.

திருத்தம் லேசு, முன்னுரிமையத் திருப்பிச் சாதாரணமாக்குறது. திருத்த முதல் வரலாற்றுப் பக்கத்தப் பாத்து ஆர் ஏன் மாத்தினது எண்டு தெரிஞ்சுகொள்ளுங்க, உரையாடல் பக்கத்துல ஒரு வரி எழுதிவிடுங்க, இல்லாட்டி அவர் திருப்பி மாத்துவார். பதவி மாதிரி விசயத்துக்கு, அதாவது பி39க்கு, இப்ப இருக்கிற பதவிய முன்னுரிமை ஆக்குறது சரி, பழசும் புதுசும் ஒரேயடியா வராம இருக்க அது உதவும். ஆனா திறமைக்கு அது பொருந்தாது எண்டுறது என்ட கருத்து. ஒரு ஆள் பகல்ல படிப்பிச்சு இரவில கூத்தாடினா ரெண்டும் அவர்தான்.

அடுத்தவங்க பக்கத்த மாத்த விருப்பமில்லாட்டி கேள்விய வேற மாதிரி எழுதலாம், டபிள்யூடிடிக்குப் பதிலா முதல்ல பி முன்னொட்டால ஸ்டேட்மென்ட எடுத்து, பிறகு பிஎஸ் முன்னொட்டால மதிப்ப எடுக்கிறது. அப்பிடி எடுத்தா எல்லாத் தரவரிசையும் வரும், கைவிடப்பட்டதும் சேந்து வரும், அத நீங்கதான் வடிகட்டவேணும்.

இதோட குழப்பக்கூடாத இன்னொண்டு: இப்பத்தான் திருத்தினீங்க எண்டா கேள்விப் பக்கத்துக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கலாம். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து ஓட்டிப் பாருங்க, உடன உடன திருத்திக்கொண்டு இருக்காதீங்க.

அறிகுறி: எழுத்தாளர் எண்டு தேடினா நாவலாசிரியரும் கவிஞரும் வரல்ல

ஆட்கள்ட பக்கத்துல பிழை இல்ல, கேள்வியிலதான் பிழை. கணினி சொன்னத மட்டும்தான் பாக்கும், நாவலாசிரியர் எழுத்தாளர்தானே எண்டு தானா விளங்கிக்கொள்ளாது. தொழில்களுக்கு நடுவுல பி279 எண்டு ஒரு சங்கிலி இருக்கு, இது அதுட உட்பிரிவு எண்டு சொல்லுறது. கேள்வியில பி106க்குப் பின்னால சாய்கோடு போட்டு பி279, அதுக்குப் பின்னால நட்சத்திரக் குறி போட்டா சங்கிலி முழுக்க இறங்கித் தேடும். இத உலகம் முழுக்கத் திறந்துவிட்டா 60 செக்கன்ல நேரம் முடிஞ்சு நிண்டுடும், அதால முதல்ல இடத்தாலயோ மொழியாலயோ ஆக்களைக் குறைச்சிட்டு ஓட்டுங்க.

அறிகுறி: பிறந்த இடம் திருகோணமலைதான், ஆனாலும் வரல்ல

நாலாவது பேர். பிறந்த இடம் திருகோணமலை எண்டு வடிவா எழுதிக் கிடக்கு, கிளிக் பண்ணிப் பாத்தா ஒரு கப்பல்ட பக்கம் திறக்குது. எச்எம்எஸ் ட்ரிங்கோமலி, 1817ல பம்பாயில கட்டின பாய்க்கப்பல், இப்ப இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல நிக்குது. இங்கிலிசுல பேரை அடிச்சுக் கீழ வந்ததுல ஒண்ட அமத்தியிருக்கார் ஆரோ. அந்தக் கலைஞர் கப்பல்ல பிறந்தவராக் கிடந்தார். ஐயாக்கு அது பெரிய மனவருத்தம், உடன திருத்துவிச்சிட்டுத்தான் அங்கால போக விட்டார்.

கப்பல் அபூர்வம், கூட நடக்கிறது நகரமும் மாவட்டமும் குழம்புறது. திருகோணமலை நகரத்துக்கு ஒரு ஐட்டம், மாவட்டத்துக்கு வேற ஐட்டம். மூதூர்லயோ கிண்ணியாவிலயோ பிறந்தவர் நகரம் எண்டு தேடினா வரமாட்டார். பிறந்த இடத்துக்குப் பின்னால பி131, அது எந்த நிர்வாகப் பிரிவுக்குள்ள இருக்கு எண்டுற பண்பு, அதுக்கு நட்சத்திரம் போட்டு மாவட்டம் எண்டு கேளுங்க. இன்னொண்டையும் யோசியுங்க, திறமை உள்ள ஆள் பிறந்தது ஒரு இடம், தொழில் செய்தது வேற இடமா இருக்கலாம். தொழில் செய்த இடத்துக்கு பி937. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்கட ஆக்களுக்கு இது கட்டாயம் வேணும், பி19 மட்டும் வச்சுத் தேடினா பாதிப்பேரை விட்டிடுவீங்க.

அறிகுறி: அவர்ட தொழிலுக்கு உரிய சொல்லே பட்டியல்ல இல்ல

உண்மையச் சொன்னா நான் அண்டைக்கு மேடை நடிகர் எண்டு தேடினதே அரைகுறை. ஐயாட கொப்பியில முக்கியமா நிண்ட மூண்டு பேர் நடிகர் இல்ல, அண்ணாவியார். பாட்டுச் சொல்லிக் குடுக்கிறது, ஆட்டம் பழக்கிறது, மத்தளத்தோட நிண்டு கூத்துக் களரி முழுக்க நடத்துறது, எல்லாம் அவர்தான். அவரை நெறியாளர் எண்டாலும் குறையும், ஆசிரியர் எண்டாலும் குறையும், நடன அமைப்பாளர் எண்டா பொருந்தவே பொருந்தாது.

இப்பிடி ஒரு சொல்லு வரேக்க முதல்ல எல்லா எழுத்துலயும் தேடுங்க, அண்ணாவியார், அண்ணாவி, இங்கிலிசு எழுத்துலயும் ரெண்டு மூண்டு மாதிரி. கிடைக்காட்டித்தான் புதுசா ஐட்டம் திறக்கிறது. திறந்தா பி31ல தொழில் வகை எண்டு போடுங்க, பி279ல மேல இருக்கிற தொழிலக் கட்டுங்க, ரெண்டு போடலாம், நெறியாளரும் கலை ஆசிரியரும், பி425ல எந்தத் துறை எண்டு கூத்தக் கட்டுங்க. கூத்துட பக்கத்துக்குப் போய் பி3095, இத ஆர் செய்யிறது எண்டுற பண்புல அண்ணாவியாரத் திருப்பிக் கட்டிவிடுங்க. அச்சில வந்த கூத்து ஆய்வு ஒண்டையாவது ஆதாரமாக் குடுங்க. பி279 இல்லாம விட்டா அந்த ஐட்டம் தனிச்சுக் கிடக்கும், மேல சொன்ன சங்கிலித் தேடல்ல ஒரு நாளும் வராது, நீங்க திறந்த கஷ்டம் வீண். கரைவலைத் தொழில நடத்துற சம்மாட்டி, விஷகடி வைத்தியர், எல்லாத்துக்கும் இதே வழிதான்.

அறிகுறி: ஒரு ஆளுக்குத் தொழில் பதினைஞ்சு, எது என்ன எண்டு விளங்கல்ல

தெரிஞ்சது எல்லாத்தையும் பி106ல அடுக்கினா வாறது இது. வங்கியில வேலை செய்துகொண்டு மிருதங்கம் வாசிச்ச ஒருத்தர் எண்டு வைப்பம். வேலை குடுத்த இடம் பி108, அதிபர், முகாமையாளர் மாதிரிப் பதவி பி39, வாத்தியம் பி1303, தெரிஞ்ச பாஷை பி1412, எழுதின பாஷை பி6886. சிங்களம் கதைப்பார், தமிழ்லதான் எழுதுவார் எண்டா இந்த ரெண்டும் தனித்தனியா வேணும். எப்ப தொடங்கி எப்ப விட்டது எண்டுறத பி580, பி582ஆ அந்தந்த ஸ்டேட்மென்டுக்குக் கீழ சேருங்க.

எங்கட ஊரோட சம்பந்தப்பட்ட ரெண்டு பேரை வச்சுப் பழகிப் பாக்கலாம். தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையில பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில நூலகரா இருந்தவர், 1895ல மோகனாங்கி எண்டுற வரலாற்று நாவல வெளியிட்டவர். நூலகர், நாவலாசிரியர் ரெண்டும் பி106, கல்லூரி பி108, தொழில் செய்த இடம் சென்னை பி937, நாவல் பி800. ஆதர் சி. கிளார்க் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் எண்டுதான் உலகத்துக்குத் தெரியும், ஆனா 1956ல மைக் வில்சனோட சேந்து கோணேசர் மலைக்குக் கீழ கடலுக்குள்ள பழைய கோயில்ட சிதைவுகளைக் கண்ட சுழியோடியும் அவர்தான். சுழியோடி எண்டுறதும் பி106ல எழுத்தாளருக்குச் சமமா நிக்கவேணும், அப்பத்தான் சுழியோடிகளைத் தேடுற ஆளுக்கு அவர் கிடைப்பார்.

அறிகுறி: பேருக்குப் பதிலா கியூ நம்பர் மட்டும் வருது, அல்லது சேமிக்க விடுதில்ல

நம்பர் மட்டும் வந்தா நீங்க கேட்ட பாஷையில லேபல் இல்ல. கேள்வியில பாஷைய தமிழ், அதுக்குப் பிறகு இங்கிலிசு எண்டு வரிசையாக் குடுங்க, பிறகு நேரம் கிடைக்கேக்க தமிழ் லேபலச் சேத்துவிடுங்க. திருகோணமலை, திருக்கோணமலை ரெண்டு மாதிரியும் எங்கட ஆக்கள் எழுதுறவங்க, ஒண்டு லேபல், மற்றது மாற்றுப் பேர். ஆக்கள்ட பேரும் அப்பிடித்தான், முதலெழுத்தோட ஒண்டு, அப்பாட பேர் விரிச்சு ஒண்டு. இல்லாட்டி ஒரே ஆளுக்கு ரெண்டு பக்கம் ஆரோ திறந்து திறமை ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கும், அப்பிடி இருந்தா ரெண்டையும் இணைச்சுவிடுங்க.

சேமிக்க விடாட்டி அனேகமா அதே பேரும் அதே விளக்கமும் உள்ள இன்னொரு ஆள் இருக்கார். "இலங்கை எழுத்தாளர்" எண்டுறத "மூதூரைச் சேர்ந்த தமிழ்க் கவிஞர்" எண்டு நுணுக்கமாக்குங்க.

அறிகுறி: நீங்க போட்டத, அல்லது முழுப் பக்கத்தையும், ஆரோ அழிச்சிட்டாங்க

ஆதாரம் இருந்ததா எண்டு முதல்ல பாருங்க. "இவர் நிபுணர்" எண்டு எங்கட வாயால சொன்னா நிக்காது. நினைவு மலர், பத்திரிகை, நூல் முன்னுரை, ஏதாவது அச்சில வந்தது வேணும். நூலகம் இணையத்தளத்துல ஈழத்து மலர்களும் பத்திரிகைகளும் கனக்கக் கிடக்கு, ஆளுமைப் பக்கங்களும் இருக்கு, அங்க தொடங்குங்க. ஆதாரத்த பக்கத்துக்கு மட்டும் இல்லாம ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக் குடுங்க, பி248ல எந்த நூல் அல்லது மலர், இணையம் எண்டா பி854ல முகவரி, பி813ல பாத்த திகதி.

உயிரோட இருக்கிற ஆக்கள் விசயத்துல நான் கடுமையா நிப்பன். இறங்குதுறையில ஒரு சங்கு குளிக்கிற அண்ணா, கடல்ட நிறத்தப் பாத்தே அடியில கல்லோ மணலோ எண்டு சொல்லுவார், என்ட கண்ணால கண்டது. ஆனா அவரைப் பத்தி எங்கயும் அச்சில இல்ல, அவர் கேக்கவும் இல்ல. அவர்ட பேரையும் ஊரையும் பிறந்த திகதியையும் உலகம் முழுக்கப் பாக்கிற இடத்துல கொண்டுபோய் வைக்க எனக்கு உரிமை இல்ல, விக்கித்தரவுட விதியும் பொதுவில கிடைக்கிற நல்ல ஆதாரம் இருக்கவேணும் எண்டுதான் சொல்லுது. அதுக்காக அந்த அறிவ விட்டிடத் தேவையில்ல. ஆளை விட்டிட்டு, சங்கு குளித்தல் எண்டுற தொழிலப் பதியுங்க, அதுட கருவிகளை, எந்தக் கரையில நடக்குது எண்டுறத, எந்தத் துறைக்குள்ள வரும் எண்டுறத, எல்லாத்தையும் ஆதாரத்தோட. சொற்களையும் தனியாப் பதியலாம், 2018ல இருந்து விக்கித்தரவுல சொற்களுக்கெண்டே லெக்சீம் எண்டு ஒரு பகுதி இருக்கு.

ஐயாட கொப்பியில மிச்சம் பத்துப் பேர். அதுல காலமான மூண்டு பேருக்குக் கோயில் மலர்கள்ல கட்டுரை கிடைச்சுது, போட்டம். மிச்ச ஏழு பேரும் உயிரோட இருக்கிறவங்க, ஆதாரமும் இல்ல, கொப்பியிலயே இருக்கட்டும் எண்டு விட்டம். மேடை நடிகரோட அண்ணாவியாரையும் சேத்துத் தேடுற மாதிரிக் கேள்விய மாத்தி, அடுத்த நாள் பின்னேரம் திருப்பி ஓட்டினன், ஏழு வரி வந்துது. ஐயா கண்ணாடியப் போட்டுக்கொண்டு ஒவ்வொண்டா வாசிச்சார், அஞ்சாவது வரியில நிண்டு, "இவர்ட பேருக்கு இங்க சின்ன ‘ன’ வராது தம்பி, பெரிய ‘ண’" எண்டார். அதையும் திருத்தினம்.